திருநாவலூர் ஓலைவழக்கும் ஆங்கிலச் சொற்பேறும்

திருநாவலூரிற் பிறந்த மாணவன் ஒருவன் தன் ஊர்க் கோயிலின் வரலாற்றை மூலச் சான்றுகளின் வழியே அறிய விழைவானாயின், அவனுக்குத் தமிழ் மட்டும் போதாது. கல் தமிழில் இருக்கின்றது. கல்லைப் பற்றிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கின்றது. 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள இவ்வூர், 1993ஆம் ஆண்டுக்கு முன் தென்னார்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கல்வெட்டுத் துறையாரின் பதிப்புகளில் இதனைத் திருநாமநல்லூர் என்னும் பெயராற் காணலாம். முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டிற் படையொடு தங்கியிருந்த காலத்தே இவ்வூர்த் திருத்தொண்டீச்சரம் கற்றளியாயிற்று. அவன் பரிவாரத்தார் விளக்கெரிக்க விட்ட அறங்கள் கோயிற் கல்லில் வெட்டப்பெற்றுள்ளன. 949ஆம் ஆண்டிற் தக்கோலப் போரில் அவன் யானைமேற் துஞ்சியதும், அதன் பின் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சி இப்பகுதியில் நிலவியதும் வரலாறு கற்றார் அறிந்தனவே.

இனி, அம்மாணவன் ஆங்கில அறிக்கை ஒன்றை விரிக்கின்றான் என்க. கல்லில் 'நொந்தா விளக்கு' என்றிருப்பது ஆங்கிலத்திற் 'பெர்பெச்சுவல் லாம்ப்' என்று நிற்கின்றது. சோழர் விளக்குக் கொடைகளிற் பெருவழக்காய் வரும் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளர் சாகாத, மூப்படையாத பெரிய ஆடுகள் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைக்கின்றனர். ஆட்டின் தொகை குன்றாது. இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பும். நெய் மட்டுமே செலவாகும் என்பது அத்தொடரின் உட்பொருள். இதே கருத்திற்கு அறநிலைய ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. உடல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாகிய 'கார்ப்பஸ்' என்பதே அது. முதல் அழியாது நிற்க அதன் வருவாய் மட்டும் அறத்திற்குச் செலவாதல் வேண்டும் என்னும் ஏற்பாட்டில் அம்முதலை அங்ஙனம் வழங்குவர். சாவா மூவாப் பேராட்டின் இயல்பை அறிந்த மாணவனுக்குக் 'கார்ப்பஸ்' என்பது அருஞ்சொல் அன்று. அறிந்த பொருளுக்கு அறியாத ஒரு பெயர். மாறாக, அகராதியில் 'கார்ப்பஸ்: உடல், பிணம், தொகுதி' என்று மனப்பாடம் செய்த மாணவன் அறநிலையக் கணக்கிற் அச்சொல்லைக் கண்டு மயங்குவான்.

உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் என்று இன்று பலரும் வேண்டிநிற்பது யாது? அரிய சொற்கள் ஆயிரத்தை நிரல்படுத்தி நெட்டுருச் செய்தல் என்பதே பெருவழக்கான கருத்து. ஆயின், கடந்த இரண்டு நூற்றாண்டுகளிற் தமிழர் ஆங்கிலச் சொல் கற்ற வரலாற்றை நோக்கின், அக்கருத்துப் பொருந்துமாறு இல்லை. பொருள் வேறுபாடுகளைத் தம் மொழியில் முன்னரே தெளிந்தவர்கள் அவ்வேறுபாடுகளுக்கு உரிய ஆங்கிலச் சொற்களை எளிதிற் கைக்கொண்டனர். சொற்களை மட்டும் கொண்டவர்களிடம் அவை தங்கவில்லை. இதனை நிறுவுதற்கு நம் சொற்கல்வி மரபிலிருந்து தொடங்குதல் தகும்.

திண்ணைப் பள்ளியிற் படித்த சிறுவன் அரிச்சுவடிக்கும் நீதிநூல்களுக்கும் பின்னர் நிகண்டு ஓதினான். சொல்லைப் பொருளின் இனம் பற்றித் தொகுத்தல் நிகண்டின் இலக்கணம். திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளையுடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி எனப் பத்தும் பொருள்வகையால் அமைந்தவை. பதினோராவது ஒருசொற் பல்பொருள். பன்னிரண்டாவது பல்பொருட் கூட்டத்து ஒருபெயர். இவற்றின் அடிப்படை தொல்காப்பியத்திலேயே கிடக்கின்றது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காக்கிய ஆசிரியர், ஒருபொருள் குறித்த வேறு சொல்லும் வேறுபொருள் குறித்த ஒரு சொல்லுமெனத் திரிசொல்லை மீண்டும் இருவகைப்படுத்தினார். பிற்கால நிகண்டுகளுள் மண்டலபுருடரின் சூடாமணி, விருத்த யாப்பிலமைந்து ஓதுதற்கு எளிதாய் இருந்தமையிற் பள்ளிகளிற் பெரிதும் பயின்றது. அதனை 1849ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேற்றிய ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரின் யாழ்ப்பாணப் பள்ளியில் ஆங்கிலம் கற்று, பின் அவர்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும். இருமொழியும் அறிந்த ஒருவர் நிகண்டைப் பழம்பொருள் எனத் தள்ளினாரல்லர்.

நாவலர் நிகண்டு பதிப்பித்த மூன்றாண்டு கழித்து, 1852ஆம் ஆண்டில் இலண்டனில் ரோசே என்னும் மருத்துவ அறிஞர் ஆங்கிலச் சொற்களைக் கருத்து வகையாற் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். 'தெசாரஸ்' எனப்படும் அந்நூலிற் சொற்கள் அகரவரிசையில் நில்லா. ஆறு பெருவகுப்புகளிலும் ஆயிரம் தலைப்புகளிலும் பொருளினம் பற்றி நிற்கும். ஆங்கிலத்தில் எழுத்துத் தொழில் மேற்கொண்டோர் சொல்வளம் பெருக்குதற்கு இன்றுவரை நாடும் கருவிகளுள் அது தலையாயது. தம் முன்னுரையில், இத்தகைய முயற்சிகளுள் தாம் அறிந்தவற்றுள் மிகப் பழையது வடமொழி அமரகோசமே என்றும், அதனைக் கோல்புரூக்கின் 1808ஆம் ஆண்டுச் செராம்பூர்ப் பதிப்பின் வாயிலாகத் தாம் கண்டதாகவும் ரோசே குறிக்கின்றார். அதன் அடைவு குறையுடையது என்பது அவர் கருத்து. அக்கருத்து நிற்க. நம் திண்ணைகளில் ஏழைச் சிறுவரும் ஓதிய முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் தம் மொழிக்குப் புதிதாய் அமைத்துக்கொண்டனர். அதே காலத்தில் நம்மவர்க்கு ஆங்கிலம் கற்பித்தோரோ அம்முறையைக் கைவிட்டுச் சொற்பட்டியலைக் கையில் தந்தனர். இம்முரண்பாட்டை நம் கல்வி வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கருதினாரில்லை.

அப்பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? தமிழ் ஆங்கில இருமொழி அகராதிகளுள் முற்பட்டன தமிழர்க்காக எழுந்தவை அல்ல. 1779ஆம் ஆண்டிற் வேப்பேரியிற் பெப்ரீசியசும் பிரைத்தாப்ட்டும் வெளியிட்ட அகராதி, தமிழைப் பயிலவந்த ஐரோப்பியர்க்கு உரியது. அதன் இணையாகிய ஆங்கிலம் தமிழ் அகராதி 1786ஆம் ஆண்டில் வந்தது. 1812ஆம் ஆண்டில் எல்லிசின் முயற்சியாற் தோன்றிய சென்னைச் செயின்ட் சார்சுக் கோட்டைக் கல்லூரியும் இளம் ஆங்கில அலுவலர்க்குத் தமிழ் முதலிய மொழிகளைக் கற்பித்தற்கே அமைந்தது. இராட்லர் தொடங்கிய பேரகராதி அவர் மறைந்த பின்னும் தெயிலரும் வேங்கடாசல முதலியாரும் தொடர 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாய் வந்தது. 1862ஆம் ஆண்டின் வின்சுலோ அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இவற்றிற் தமிழ்ச்சொல் தலைச்சொல், ஆங்கிலம் விளக்கம். மறுதிசையில், நைட்டும் ஸ்பால்டிங்கும் யாழ்ப்பாணத்தில் தொகுக்க 1844ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்த ஆங்கிலம் தமிழ் அகராதி பெரும்பயன் விளைத்தது. எனினும் அதுவும் ஒரு தலைச்சொல்லின்கீழ்த் தமிழ்ச் சொற்களை நிரலே அடுக்கும் முறையினதே. அடுக்கப்பட்டவற்றுள் எது எவ்விடத்திற்கு உரியது என்பதைத் தமிழ் தெரிந்த ஐரோப்பியன் உணர்வான். ஆங்கில வழக்கறியாத தமிழ் மாணவன் உணர்தற்கு வழியில்லை. அகராதியைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஒருவர்க்குச் செய்த செருப்பை மற்றொருவர் அணிந்தமையால் நேர்ந்த இடர் இது.

அணிந்தும் நெடுந்தொலைவு நடந்தவர்கள் உளர். 1823ஆம் ஆண்டிற் தோன்றி 1855ஆம் ஆண்டில் மூடப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். அச்செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழிலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கப்பெற்றன. தாமோதரம் பிள்ளை பின்னர்த் தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்த பெருமகனார் ஆதலும் அக்கல்வியின் இயல்பைக் காட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் தெளிவான சான்று வேதநாயகம் பிள்ளை. 1826ஆம் ஆண்டிற் குளத்தூரிற் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராயும் மொழிபெயர்ப்பாளராயும் பணியாற்றி, மாவட்ட முனிசீப்பாக உயர்ந்தார். 1805 முதல் 1861 வரையுள்ள சதர் நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழிற் பெயர்த்து 1862ஆம் ஆண்டிற் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். தீர்ப்பை மொழிபெயர்ப்பவன் ஒரு சொல்லுக்கு ஐந்து சொல் எழுதிவிட்டு அகலுதல் இயலாது. ஒன்றைத் தேர்ந்து நிறுத்தல் வேண்டும். பிழைப்பின் ஒருவன் நிலம் இழப்பான். இத்தகைய கட்டாயமே அவர் ஆங்கிலச் சொல்லறிவைக் கூர்மைப்படுத்தியது எனல் தவறாகாது.

வழக்குமன்ற ஆங்கிலம் என்பது ஆங்கிலத்துள்ளும் ஒரு தனிமொழி. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி அங்கே அரசிலும் மன்றிலும் அமர்ந்தது. ஆங்கிலக் குடிமகன் தன் நாட்டு மன்றில் தனக்குப் புரியாத மொழியில் வழக்குரைக்கக் கேட்டு நின்றான். 1362ஆம் ஆண்டுச் சட்டம் மன்றில் ஆங்கிலத்திற்கு இடம் தந்தது. ஆயினும் சொற்கள் பிரெஞ்சாகவே தங்கின. 'பிளெயின்டிப்', 'டிபெண்டன்ட்', 'எவிடன்ஸ்', 'ஜட்ஜ்' யாவும் அவ்வழி வந்தவையே. 1879ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் வேதநாயகர் தமிழ்நாட்டு மன்றுகளில் தமிழே வழங்கல் வேண்டும் என வாதாடுவதைப் படிக்கும்போது, ஐந்து நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலேயர் தம் நாட்டிற் பட்ட அதே குறை நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலம் நன்கு கற்றவரே இதனைக் கூறினார் என்பது கருதத்தக்கது.

திருநாவலூர்க்கு மீள்வோம். அவ்வூர் மாணவனுக்கு வழக்குமன்ற ஆங்கிலத்தைக் கற்பிக்க வேறு நூல் வேண்டா. அவ்வூரிற் பிறந்த சுந்தரரின் வரலாறே போதும். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணம் ஓர் உரிமைவழக்கின் முழு நடவடிக்கையும் அடங்கியது. புத்தூரில் மணப்பந்தரிற் புகுந்த முதியவர், நம்பியாரூரன் தமக்கு அடிமை என்கின்றார். சான்று வேண்டப்பட, ஆரூரனின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலை உண்டென்கின்றார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் உளதென்றும் கூறி, முதியவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வழக்கைக் கொணர்கின்றார்.

இங்கே மூலவோலை, படியோலை என்னும் வேறுபாட்டை நோக்குக. 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் இதனையே 62, 63ஆம் பிரிவுகளிற் 'பிரைமரி எவிடன்ஸ்', 'செகண்டரி எவிடன்ஸ்' என வகுத்தது. மூல ஆவணத்தை மன்றின் பார்வைக்கு வைத்தல் முன்னது; படி முதலியன பின்னது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொட்டுப் புதிய சான்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டபோதிலும் இவ்வேறுபாடு மாறவில்லை. 'பிரைமரி' என்பதற்கு 'முதன்மையான, தொடக்க' என்றும், 'செகண்டரி' என்பதற்கு 'இரண்டாந்தரமான' என்றும் கற்ற மாணவன், இரண்டாந்தரச் சான்று என்றால் நம்பத்தகாத சான்று போலும் எனக் கொள்வான். சுந்தரர் கதை கேட்ட மாணவனோ கிழிந்த ஓலை பொய்யோலை அன்று, படியோலை என அறிவான்.

சபையார் முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் எதனாற் உரிமையை நாட்டுவீர் என வினவுகின்றனர். நிறுவுமுறை மூன்றினையும் இத்துணைச் சுருக்கமாக வகுத்துரைத்தல் ஆங்கிலத்தில் எளிதன்று. 'ஆவணம்' என்பது 'டாக்குமெண்ட்'. 'ஆட்சி' என்பதோ 'யூசேஜ்', 'பொசெஷன்', 'எஞ்சாய்மெண்ட்' என்னும் மூன்றையும் தொடும். இவற்றுள் இறுதிச் சொல்லைத் தனியே எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். மகிழ்தல் என்னும் பொருளே பள்ளிப்பிள்ளைகள் அறிந்தது. பத்திரங்களில் அது ஒரு பொருளின் பயனைத் துய்த்துவருதலைக் குறிக்கும். கல்வி முதிர்ந்த சொல்லறிவு என்பது இத்தகைய எளிய சொல்லின் இரண்டாம் பொருளில்தான் பெரும்பாலும் அடங்கியுள்ளது. தமிழிற் துய்த்தல், அனுபவித்தல் என்னும் சொற்களும் அவ்விரு பொருளையும் தாங்கியே நிற்றலின், நம் மாணவனுக்கு இது வியப்பாதற்கு இல்லை. சொல்லிக்கொடுப்பார் இல்லாமையே குறை.

'காட்சி' இன்னும் சுவையுடையது. காண் என்னும் அடியிற் பிறந்த சொல் சான்றுரைத்தலைக் குறிக்கின்றது. வடசொல்லாகிய சாட்சி என்பது கண்ணோடு கூடியது என்னும் கருத்தில் எழுந்தது. 'எவிடன்ஸ்' என்பதன் உள்ளீடு காணுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை. மூன்று மொழியும் கண்ணையே சான்றாக்கின. 'விட்னஸ்' மட்டும் வேறு. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அறிதலைக் குறிக்கும் அடியிலிருந்து வந்தது. இலத்தீன் வினையின் அவ்வடியை ஒருமுறை அறிந்தவன் 'விஷன்', 'விசிபிள்', 'ரிவைஸ்', 'சூப்பர்வைஸ்' என்பவற்றைத் தனித்தனியே உருப்போடுதல் வேண்டா. பகுதி, விகுதி, இடைநிலை எனப் பதம் பிரித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு இம்முறை கைவந்த கலை. பகுபத உறுப்பிலக்கணத்தை நன்னூல் வகுப்பில் மட்டும் வைத்துவிட்டு, ஆங்கில வகுப்பிற்குப் போகும்போது அதனை வாயிற்படியில் விட்டுச்செல்லுமாறு பழக்கிவிட்டோம்.

வழக்கின் முடிவு கையெழுத்து ஒப்புநோக்குதலால் அமைகின்றது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்துச் சபையார் இரண்டையும் ஒத்துப்பார்க்கின்றனர். மேற்கூறிய 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இம்முறையை ஏற்றது. முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்தினின்று கொணரப்படின் அதனை மெய்யெனக் கொள்ளலாம் என்றது 90ஆம் பிரிவு. உரிய இடத்திற்கு அச்சட்டம் ஆண்ட தொடர் 'பிராப்பர் கஸ்டடி'. செய்தித்தாளிற் 'கஸ்டடி' என்றால் காவலர் பிடியில் இருத்தல் என்றே கொள்ளும் நம்மவர், ஓலையும் 'கஸ்டடி'யில் இருக்கும் என அறிதல் நன்று. தமிழிற் காப்பு, காவல் என்னும் சொற்கள் ஆளுக்கும் பொருளுக்கும் பொதுவாய் நிற்பதை நோக்குக. முதியவரின் மூலவோலை வழக்கிட்டவர் கையிலேயே இருந்தமையால் அது 'பிராப்பர் கஸ்டடி' ஆகுமா என இக்கால வழக்கறிஞர் வினவக்கூடும். வந்தவர் யாரென அறிந்த நாம் அவ்வினாவை விடுவோம்.

இம்முறையில் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு ஏறும் மாணவனுக்கு உற்ற துணை, விந்தையாக, ஆங்கில அகராதி அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வந்து, 1939ஆம் ஆண்டில் அநுபந்தமும் பெற்ற அவ்வகராதி, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் பொருள்தோறும் ஆங்கிலமும் தமிழும் தருகின்றது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராய் இருந்து நிறைவேற்றிய அப்பணியைத் தமிழாய்வாளர் தமிழுக்கு மட்டுமே பயன்கொண்டனர். ஒரு சொல்லின்கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுப் பிரித்துவைத்த பொருள்களின் ஆங்கிலத்தை நிரலே படிப்பவன், தான் நன்கறிந்த வேறுபாடுகளுக்கு ஆங்கிலம் எங்ஙனம் பெயரிடுகின்றது எனக் காண்பான். மறுதிசையில் சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் அப்பல்கலைக்கழகமே 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் நைட், ஸ்பால்டிங் நூலினும் பன்மடங்கு விரிந்தது. 1992ஆம் ஆண்டில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டி ஆங்கிலமும் தந்தமையால், பழைய அகராதிகள் விட்ட இடத்தைப் பெரிதும் நிரப்பியது.

முடிவாக, தல மரத்தைப் பற்றி ஒரு சொல். திருநாவலூர்க் கோயிலின் தல மரம் நாவல். நிகண்டு ஓதியவன் அதற்குச் சம்பு, நேரேடம், ஆருகதம் என வேறு பெயர்களும் அறிவான். ஆங்கிலத்தில் அது 'சாவா பிளம்', 'பிளாக் பிளம்', 'ஜம்போலன்', 'ஜாமுன்' எனப் பலவாறு வழங்கும். பயிர்நூலார் முன்னர் 'யூஜீனியா ஜம்போலானா' என்றனர், இப்போது 'சிசீஜியம் குமினி' என்கின்றனர். 'ஜம்போலன்', 'ஜாமுன்' என்பவற்றில் நிகண்டின் சம்புவே ஒலிக்கின்றது. நாவலந்தீவு எனத் தமிழரும் சம்புத்தீவு என வடநூலாரும் இந்நிலத்தை வழங்கியதும் அம்மரம் பற்றியே. இன்று அவ்வூர்ப் பள்ளிச் சிறுவனிடம் நாவல் யாது எனின், மரத்தைச் சொல்வானோ, ஆங்கிலத்திலிருந்து வந்து வேதநாயகர் தொடங்கிவைத்த நெடுங்கதையைச் சொல்வானோ, அறியோம். திவாகரர் இன்றிருப்பின், பதினோராம் தொகுதியில் நாவலுக்கு இப்புதுப் பொருளையும் சேர்த்திருப்பார்.